மருந்தும் மாத்திரையும்

நம் தமிழ்ச் சங்கத்து நண்பர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "மருந்து எழுதித் தருபவர் மருத்துவர், செய்து தருவது தொழிற்சாலை, எடுத்துக் கொடுக்கும் செவிலியருக்கு மருந்தியல் எதற்கு?" என்பர். பொருளாதாரமும் இயற்பியலும் பயில்வோர் இவ்வாறு ஐயுறுவது இயல்பே. செவிலியர் பட்டப்படிப்பில் மூன்றாம் பருவத்திலும் நான்காம் பருவத்திலும் மருந்தியல் ஒரு பாடம். அதைப் பயிலும் மாணவி என்ற முறையில், அதன் அடிப்படைகளை நான் விளங்கிக்கொண்ட வகையில் இங்கே எடுத்துரைக்க விழைகிறேன். மருத்துவமனைக்கு வெளியே வாழ்வோர்க்கும் இதில் பயன் உண்டு. மருந்து உண்ணாத மனிதர் எவருளர்?

திருக்குறளின் 95ஆம் அதிகாரத்தின் பெயர் 'மருந்து'. அதன் கடைசிக் குறளில் வள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறுகளாகப் பகுக்கின்றார். நோயுற்றவர் ஒருவர், நோயைத் தீர்ப்பவர் ஒருவர், மருந்து ஒன்று, நான்காமவர் உழைச்செல்வான். 'உழை' என்றால் பக்கம். நோயாளியின் பக்கத்திலிருந்து பணிபுரிபவரை மருத்துவத்தின் நாலில் ஒரு கூறாகவே அவர் எண்ணினார் என்பது கருதத்தக்கது. இந்திய நாட்டில் செவிலியர் கல்வி பட்டப்படிப்பாக உயர்ந்தது 1946இல்தான். அவ்வாண்டில் தில்லியிலும் வேலூரிலும் அது தொடங்கியது. மறு ஆண்டே, 1947இல், இந்திய நர்சிங் கவுன்சில் சட்டம் வந்தது. பெயர் பழையது, பட்டம் புதியது, பொறுப்பு மட்டும் என்றும் ஒன்றே.

அளவே மருந்து

'மாத்திரை' என்ற சொல்லை நாம் இலக்கண வகுப்பில் முதலில் கற்றோம். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை. மாத்திரை என்றால் அளவு. மருந்துக் குளிகைக்கும் அச்சொல்லே வழங்குவது பொருத்தத்திலும் பொருத்தம். மருந்தியலின் முதற் பாடம் அதுவே: மருந்தையும் நஞ்சையும் பிரிப்பது பெரும்பாலும் அளவுதான். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று நம் பாட்டிமார் சொன்னதை மருந்தியல் எண்களால் மெய்ப்பிக்கின்றது.

விடுதியில் வாழும் நம்மவர்க்கு நன்கு அறிமுகமான பாரசிட்டமாலையே எடுத்துக்கொள்வோம். உடல்நலம் உள்ள வளர்ந்தவர் ஒரு நாளில் உட்கொள்ளத்தக்க மேல் எல்லை 4 கிராம், அதாவது 4000 மில்லிகிராம். காய்ச்சலுக்கென 650 மில்லிகிராம் மாத்திரையை நாளைக்கு நான்கு வேளை ஒருவர் உண்கிறார், 2600 ஆயிற்று. சளிக்கென வேறொரு மாத்திரையை மூன்று வேளை உண்கிறார். அதன் அட்டையில் பெரிய எழுத்தில் வேறு பெயர் இருக்கும். சிறிய எழுத்தில் பாரசிட்டமால் 500 மில்லிகிராம் என்றும் இருக்கும். அது 1500. கூட்டினால் 4100. தாம் எல்லையைக் கடந்துவிட்டதை அவர் அறியார். கல்லீரல் அறியும். அது கெடத் தொடங்கும்போது முதல் நாளில் பெரிதாக ஒன்றும் தோன்றாது என்பதே இதன் கொடுமை.

இதனாலேயே மருந்தின் பெயரைப் பற்றிய பாடம் எங்களுக்கு முன்னதாகவே நடத்தப்படுகின்றது. ஒவ்வொரு மருந்துக்கும் மூன்று பெயர்கள் உண்டு. வேதியியலார் இட்ட பெயர் நீளமானது. அதை நாம் நாவால் சொல்லவும் வேண்டியதில்லை. பொதுப்பெயர் எல்லோர்க்கும் உரியது. பாரசிட்டமால் என்பது அது. வணிகப்பெயர் விற்பவர் இட்டது. குரோசின், கால்பால், டோலோ என்பன அத்தகையவை. மூன்று பெயரைக் கண்டு மூன்று மருந்தென எண்ணுவோர் பலர். மனிதருக்கு வீட்டுப்பெயர், பள்ளிப்பெயர் இருப்பதுபோல் இதனைக் கொள்க. ஆளைக் கண்டுகொள்ளப் பொதுப்பெயரே துணை.

உடலில் மருந்தின் பயணம்

உண்ட மருந்து எங்கே போகிறது? இக்கேள்விக்கு விடை கூறும் பகுதி மருந்தியலில் பாதி. உறிஞ்சப்படுதல், பரவுதல், மாற்றமுறுதல், வெளியேறுதல் என இப்பயணம் நான்கு கட்டங்களாக அமைகின்றது.

வாய்வழி உண்ட மாத்திரை வயிற்றிலும் குடலிலும் கரைந்து குருதியில் சேரவேண்டும். குடலிலிருந்து செல்லும் குருதி நேரே இதயத்திற்குப் போவதில்லை. முதலில் கல்லீரலுக்குப் போகிறது. கல்லீரல் ஒரு சுங்கச்சாவடி போன்றது. தன் பங்கை எடுத்துக்கொண்டே மீதியை விடும். சில மருந்துகளில் அது எடுக்கும் பங்கு மிகப் பெரிது. நெஞ்சுவலிக்கு வழங்கும் நைட்ரோகிளிசரின் அவ்வகையது. ஆகவேதான் அதை விழுங்காமல் நாவின் அடியில் வைக்கச் சொல்கின்றோம். நாவின் அடியிலுள்ள நாளங்கள் கல்லீரலைச் சுற்றிப் போகாமல் மருந்தைப் பொதுக் குருதியோட்டத்தில் சேர்த்துவிடும். சில நிமிடங்களில் வலி தணியும். 'விழுங்கினால் என்ன, நாவடியில் வைத்தால் என்ன?' என்று கேட்கும் நோயாளிக்குச் செவிலியர் விடை கூற வேண்டுமாயின், இந்த வழியை அவர் அறிந்திருக்க வேண்டும்.

இவ்வாறே, குடலில் மட்டும் கரையுமாறு மேலுறை இட்ட மாத்திரைகளும், மெல்ல மெல்லக் கரையுமாறு செய்த மாத்திரைகளும் உள. விழுங்க இயலாத முதியவர்க்கு இரக்கப்பட்டு அவற்றைப் பொடித்துக் கொடுத்தல் ஆகாது. மேலுறை உடைந்தால் வயிறு புண்படலாம். பன்னிரண்டு மணி நேரத்துக்கென அமைந்த மருந்து ஒரே வேளையில் குருதியில் பாயலாம். இரக்கத்துக்கும் அறிவு துணை வேண்டும்.

குருதியில் சேர்ந்த மருந்து பரவுகின்றது; கல்லீரலில் மாற்றமுறுகின்றது; பெரும்பாலும் சிறுநீரகத்தின் வழியே வெளியேறுகின்றது. அது வெளியேறும் வேகத்தை அளக்க 'அரை ஆயுள்' என்றொரு கணக்கு உண்டு. குருதியிலுள்ள மருந்து பாதியாகக் குறைய ஆகும் நேரமே அது. பாரசிட்டமாலுக்கு ஏறத்தாழ இரண்டு முதல் மூன்று மணி நேரம். இதய நோய்க்கு வழங்கும் டிகாக்சினுக்கு, சிறுநீரகம் நன்றாயிருப்பின், 36 முதல் 48 மணி நேரம். பாதி, பாதியில் பாதி எனக் குறைந்துகொண்டே போனால், ஐந்து அரை ஆயுள் கழிந்தபின் முப்பத்திரண்டில் ஒரு பங்கே எஞ்சும். எனவே பாரசிட்டமால் ஒரு நாளுக்குள் ஏறக்குறைய நீங்கிவிடும். டிகாக்சின் நீங்க ஒரு வாரத்துக்கு மேலாகும். சிறுநீரகம் தளர்ந்திருந்தால் இன்னும் நாளாகும். முதியோர்க்கு அளவைக் குறைப்பது ஏன் என்பதற்கு இதைவிட எளிய விளக்கம் இல்லை.

பூட்டும் திறவுகோலும்

மருந்து உடலில் என்ன செய்கிறது என்பது மற்றொரு பாதி. உயிரணுக்களின்மேல் ஏற்பிகள் எனப்படும் இடங்கள் உள்ளன. 1905இல் லாங்லி என்னும் ஆங்கில உடலியலார் இக்கருத்தை வெளியிட்டார். ஏற்பி பூட்டு, மருந்து திறவுகோல். சில திறவுகோல்கள் பூட்டைத் திறக்கும். வேறு சில, துளையில் பொருந்தும், ஆனால் திறவா. பிற திறவுகோல் நுழையாமல் அடைத்துக்கொண்டிருக்கும்.

மார்பின் வலியைப் போக்கும். அளவு மிஞ்சினால் மூச்சையும் அடக்கும். அப்போது நலாக்சோன் என்ற மருந்தை ஊசிவழிச் செலுத்துவர். அது மார்பினைத் துளையிலிருந்து விலக்கிவிட்டுத் தான் அமர்ந்துகொள்ளும். நோயாளி கண் விழிப்பார்; மூச்சு சீராகும். உறவினர் மகிழ்வர். ஆனால் செவிலியர் கட்டிலை விட்டு அகலக் கூடாது. ஏனெனில் நலாக்சோனின் அரை ஆயுள் ஏறத்தாழ ஒரு மணி நேரமே. மார்பினுக்கோ இரண்டு முதல் மூன்று மணி நேரம். காவலர் முதலில் போய்விடுவார்; கள்வர் இன்னும் இருப்பார். மூச்சு மீண்டும் அடங்கக்கூடும். நோயாளியின் மூச்சை எண்ணிக்கொண்டே இருப்பது வெறும் கட்டளைக்குப் பணிதல் அன்று. அரை ஆயுள் பாடத்தின் நேர்ப் பயன்.

ஒரு மூதாட்டியும் மஞ்சள் வளையமும்

பாடநூலில் தனித்தனியே கிடக்கும் செய்திகள் ஒரு கட்டிலின் முன்னே ஒன்றுகூடுவதை நான் பயிற்சியின்போது கண்டேன். இதயத் தளர்ச்சிக்காக எங்கள் வார்டில் ஒரு மூதாட்டி இருந்தார். டிகாக்சின் மாத்திரையும், கால் வீக்கம் வடியச் சிறுநீரைப் பெருக்கும் ஃபுரோசமைடும் அவருக்கு வழங்கப்பட்டு வந்தன. இரண்டு நாளாக அவருக்கு உணவு செல்லவில்லை, குமட்டல். விளக்கைக் காட்டி, "பீலா, பீலா" என்று கூறிக்கொண்டிருந்தார். பீலா என்றால் இந்தியில் மஞ்சள். விளக்கைச் சுற்றி மஞ்சள் வளையம் தெரிவதாக அவர் சொன்னதை, கண்புரையாக இருக்கும் என்று வீட்டார் பொருட்படுத்தவில்லை.

காலை மருந்து வேளையில் சிஸ்டர் மாத்திரையைக் கையில் எடுத்தார், ஆனால் கொடுக்கவில்லை. முதலில் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து முழுதாக ஒரு நிமிடம் துடிப்பை எண்ணினார். 52. வளர்ந்தவர்க்கு 60க்குக் குறைந்தால் டிகாக்சினை நிறுத்திவைத்து மருத்துவருக்குத் தெரிவிப்பதே முறை. அவர் அவ்வாறே செய்தார். மஞ்சள் வளையத்தையும் குமட்டலையும் சேர்த்தே தெரிவித்தார். குருதிச் சோதனையில் டிகாக்சின் மிகுந்தும் பொட்டாசியம் குறைந்தும் இருப்பது தெரிந்தது. மருந்து நிறுத்தப்பட்டது; பொட்டாசியம் ஈடுசெய்யப்பட்டது. நாள்கள் சில சென்றபின் மூதாட்டி ரொட்டி கேட்டு வாங்கி உண்டார்.

இதில் நிகழ்ந்தது யாது? டிகாக்சின், ஃபாக்ஸ்குளோவ் எனப்படும் செடியினத்திலிருந்து கிடைப்பது. அதன் இலையின் பயனையும் தீங்கையும் வில்லியம் விதரிங் என்ற ஆங்கில மருத்துவர் 1785இலேயே நூலாக எழுதினார். அதில் பயன் தரும் அளவுக்கும் தீங்கு தரும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறுகியது. மூதாட்டியின் சிறுநீரகம் வயதால் தளர்ந்திருந்தது; ஆகவே மருந்து வெளியேறாமல் தேங்கியது. ஃபுரோசமைடு நீரோடு பொட்டாசியத்தையும் வெளியேற்றியது. பொட்டாசியம் குறைந்த இதயத்தில் டிகாக்சினின் வேகம் கூடும். குமட்டலும், மந்தமான துடிப்பும், மஞ்சள் பார்வையும் அதன் அறிகுறிகள். வெளியேறுதல், அரை ஆயுள், குறுகிய இடைவெளி, மருந்துக்கு மருந்து பகை என்னும் நான்கு பாடங்கள் ஒரே கட்டிலில்! அவற்றை இணைத்தது ஒரு நிமிட எண்ணிக்கை.

கணக்குத் தவறலாகாது

மருந்துக் கணக்கு எளிய விகிதக் கணக்கே. வேண்டிய அளவைக் கையிலுள்ள அளவால் வகுத்து, அது அடங்கிய நீர்மத்தால் பெருக்க வேண்டும். ஜென்டமைசின் 2 மில்லிலிட்டரில் 80 மில்லிகிராம் உள்ளது. நோயாளிக்கு 60 வேண்டும் எனின், அறுபதை எண்பதால் வகுத்து இரண்டால் பெருக்க 1.5 மில்லிலிட்டர். 500 மில்லிலிட்டர் உப்புநீரை 4 மணி நேரத்தில் ஏற்ற வேண்டும். குழாயில் 20 துளிக்கு ஒரு மில்லிலிட்டர் எனின், 10,000 துளியை 240 நிமிடத்தால் வகுக்க, நிமிடத்துக்கு ஏறத்தாழ 42 துளி. பள்ளிச் சிறாரும் செய்வர். ஆனால் இரவு மூன்று மணிக்கு, நான்கு கட்டிலிலிருந்து அழைப்பு வரும்போதும் அது தவறக் கூடாது என்பதே எங்கள் தேர்வு.

இன்சுலினில் இக்கணக்கு உயிர்க்கணக்காகும். நம் நாட்டில் ஒரு மில்லிலிட்டரில் 40 அலகு கொண்ட குப்பிகள் பரவலாக வழங்குகின்றன. 100 அலகு கொண்டவையும் உள. அவற்றுக்குரிய ஊசிக்குழல்களும் வேறு: 40க்குச் சிவப்பு மூடி, 100க்கு ஆரஞ்சு மூடி. நூறு அலகு இன்சுலினை நாற்பதுக்குரிய குழலில் 20ஆம் கோடுவரை எடுத்தால் என்ன ஆகும்? அக்கோடு அரை மில்லிலிட்டர். ஆகவே உட்செல்வது 50 அலகு. இருபதுக்கு ஐம்பது! சர்க்கரை வீழ்ந்து நோயாளி உணர்விழப்பார். மாறாக, நாற்பது அலகு இன்சுலினை நூறுக்குரிய குழலில் 20ஆம் கோடுவரை எடுத்தால் 8 அலகே செல்லும். சர்க்கரை ஏறிக்கொண்டே போகும். வீட்டில் நீரிழிவு உள்ள பெற்றோர் உடைய நண்பர்கள் இதனைக் குறித்துக்கொள்க.

எழுதும் முறையிலும் காவல் வேண்டும். கால் மில்லிகிராமை எழுதும்போது புள்ளிக்கு முன் சுழியம் இட்டு 0.25 என்றே எழுத வேண்டும். புள்ளி மங்கினால் அது 25 ஆகிவிடும். ஐந்தை 5.0 என்று எழுதலாகாது. அது ஐம்பதாகத் தோன்றும். அலகு என்பதை ஆங்கில எழுத்து 'யூ' ஒன்றால் சுருக்குதலும் தீது; அது சுழியமாகப் படிக்கப்படலாம். ஒரு புள்ளியால் பொருள் மாறுவதைத் தமிழ் படித்த நமக்குச் சொல்லித்தர வேண்டுமா? கலம் என்றால் பாத்திரம். நடுவெழுத்தில் புள்ளி வைத்துப் பாருங்கள், சொல்லே சிதைந்துவிடும்.

ஐந்து செம்மைகள்

சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம் என்பன ஐந்தும் எங்களுக்கு மனப்பாடம். கொடுத்ததைச் சரியாகப் பதிவு செய்தலை ஆறாவதாகச் சேர்ப்பர். பெட்டியிலிருந்து எடுக்கும்போது ஒருமுறை, அளந்தெடுக்கும்போது ஒருமுறை, கொடுக்குமுன் ஒருமுறை என அட்டையை மும்முறை படிக்க வேண்டும். மருத்துவர் எழுதியது விளங்கவில்லையாயின் ஊகித்தல் கூடாது, கேட்டறிதல் கடமை. கேட்பதில் சிறுமை இல்லை என்பதை இப்பாடத்தில்தான் நான் உறுதியாகக் கற்றேன்.

தமிழகத்துக்கு வெளியே பயிலும் நம்மைப் போன்றோர்க்கு இன்னொரு செம்மையும் உண்டு. நூல் ஆங்கிலம், நோயாளி இந்தி, நாம் நினைப்பது தமிழ். மூன்று மொழிக்கிடையே மருந்து நழுவாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இந்தியில் 'கல்' என்ற சொல் நேற்றையும் குறிக்கும், நாளையையும் குறிக்கும். 'கல்' ஊசி என்று நோயாளி சொன்னால், வினைச்சொல்லை முழுதும் கேட்டபின்னரே போட்டாயிற்றா, போட வேண்டுமா என்பது தெளிவாகும். மூட்டு நோய்க்கு வழங்கும் மெத்தோட்ரெக்சேட் வாரம் ஒருமுறை மட்டுமே உண்ணத்தக்கது. 'ஹப்தா' என்னும் சொல்லை நோயாளி கேளாமல் விட்டு நாள்தோறும் உண்டால் குருதியணுக்கள் குன்றி உயிருக்கே இடர் நேரும். ஆகவே "வாரம் ஒருமுறை" என்று சொல்லி நிறுத்தாமல், "எந்தக் கிழமை?" என்று கேட்டு, அக்கிழமையின் பெயரை அவர் வாயாலேயே சொல்லச் செய்கின்றோம். கற்பித்தது விளங்கிற்றா என்றறிய, கற்றவரைத் திருப்பிச் சொல்லச் செய்வதே சிறந்த சோதனை.

இம்மெத்தோட்ரெக்சேட்டின் வரலாற்றில் நமக்கொரு பெருமையும் உண்டு. அது பிறந்த ஆய்வுக்கூடத்தின் ஆராய்ச்சியை நடத்தியவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். ஆந்திர நாட்டில் 1895இல் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று, அமெரிக்கா சென்று உழைத்த அறிஞர் அவர். யானைக்கால் நோய்க்கு இன்றும் வழங்கும் டைஎத்தில்கார்பமசினும் அவர் குழுவின் ஆக்கமே.

நண்பர்களே, உங்களுக்கு நான் வேண்டுவன மூன்று. உண்ணும் மருந்தின் பொதுப்பெயரைப் படியுங்கள். ஊரிலுள்ள பெற்றோரிடம் தொலைபேசியில் பேசும்போது, அவர்கள் உண்ணும் எல்லா மருந்துகளின் பொதுப்பெயரையும் அளவையும் கேட்டு ஒரு தாளில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். மருத்துவரைக் காணும்போது அத்தாளைக் காட்டச் சொல்லுங்கள். தமக்கு நேர்ந்த எந்தப் புதிய அறிகுறியையும், அது விளக்கைச் சுற்றித் தோன்றும் மஞ்சள் வளையமாயினும், அற்பமென்று ஒதுக்காமல் மருத்துவரிடமோ செவிலியரிடமோ கூறச் சொல்லுங்கள். மருந்து எத்துணை உயர்ந்ததாயினும், அளவறிந்து ஊட்டி, அருகிருந்து நோக்கும் ஒருவர் இல்லையேல் அது பாதி மருந்தே.